மாட்டைப் பார்க்கும் கண்ணோடு குதிரை வாங்கலாகாது

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தை, மாடுகளுக்கு மட்டுமன்றிக் குதிரைகளுக்கும் பெயர் பெற்றது. மார்வாரி, கத்தியவாரி போன்ற வடநாட்டு இனக் குதிரைகளும் நாட்டு மட்டக்குதிரைகளும் அங்கு விற்பனைக்கு வருகின்றன. திப்பு சுல்தான் காலத்திலேயே படைக்குக் குதிரை பிடித்த சந்தை என்று அவ்வூரார் சொல்வதுண்டு. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களே அதிகம் என்றாலும், தோட்டத்தைச் சுற்றி வரவும், பிள்ளைகள் விடுமுறையில் ஏறிப் பழகவும் ஒரு குதிரை இருந்தால் நல்லது என்று எண்ணிச் செல்லும் விவசாயிகளும் உண்டு.

இவ்வாறு செல்பவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். மாடு வாங்கிப் பழகிய கண்ணோடு குதிரையையும் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வயதுக் குதிரை என்றால் "கிழடு" என்று தள்ளிவிட்டு, இரண்டரை அல்லது மூன்று வயதுக் குட்டியைக் குறைந்த விலையில் பிடித்து வருகிறார்கள். குட்டியும் கற்காதது, ஏறுபவரும் கற்காதவர் என்றாகிவிடுகிறது. ஆறு மாதத்தில் யாராவது ஒருவருக்குக் கையோ காலோ முறிகிறது. பிறகு குட்டி கட்டுத்தறியிலேயே நின்று தீனி தின்கிறது, அல்லது பாதி விலைக்குப் போகிறது.

உழவு மாட்டுக்குப் பன்னிரண்டு வயது என்பது ஓய்வுபெறும் வயது. குதிரைக்கு அப்படியல்ல. நன்றாகப் பராமரிக்கப்பட்ட குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. 12 முதல் 16 வயதுக்குள் உள்ள குதிரை, கால்களும் மூச்சும் நன்றாக இருந்தால், இலேசான சவாரிக்கு இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். லாரியின் ஊதல், வெடிச்சத்தம், தாளக்கொட்டு, துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் அது முன்பே பார்த்துப் பழகியிருக்கும். புதிதாகப் பழகும் குடும்பத்துக்கு ஏற்றது இத்தகைய குதிரையே. வயதைக் குறையாகக் கருதாமல், அந்த வயதுக்குள் அது எப்படி உழைத்தது என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் வாங்குபவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

உடற்கட்டு

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 'காப்' என்ற ஒரு வகைக் குதிரை உண்டு. இது தனி இனமன்று. உடற்கட்டைக் குறிக்கும் பெயர். கால் குட்டையாகவும் எலும்பு பருத்தும், மார்பு அகன்றும், முதுகு நீளாமலும், குணம் நிதானமாகவும் இருக்கும். வாரநாட்களில் வண்டியிழுத்து, ஓய்வு நாளில் வீட்டார் ஏறிச் சென்ற குதிரை அது. அந்த நாட்டுக் கண்காட்சிகளில் காப் வகுப்புக்கு 148 செ.மீ.க்கு மேல் 155 செ.மீ. வரை உயரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். நம் சந்தைகளில் அது கிடைக்காது. தேட வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் கட்டமைப்பை நம் மட்டக்குதிரைகளிலும் கலப்புக் குதிரைகளிலும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நெட்டையான, மெலிந்த, காது நுனிகள் ஒன்றோடொன்று தொடும் குதிரை ஊர்வலத்துக்கு அழகு. பிள்ளைகள் ஏறுவதற்குக் குட்டையான, அகன்ற குதிரையே நலம்.

எடை எவ்வளவு என்று தெரியாமல் குதிரை வாங்கக்கூடாது. தராசு தேவையில்லை, தையற்காரர் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் எடை சுமார் 246 கிலோ. சேணம் உட்பட, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றலாகாது. ஆகவே இந்தக் குதிரை தாங்கக்கூடியது சுமார் 49 கிலோ. பள்ளிப் பிள்ளைக்குச் சரி. எழுபது கிலோ எடையுள்ள தகப்பனாருக்குச் சரியல்ல. அவரும் ஏற வேண்டுமென்றால், சேணத்தையும் சேர்த்து, 400 கிலோவுக்குக் குறையாத குதிரையைத் தேட வேண்டும். வயதான குதிரைக்கு இந்தக் கணக்கில் இன்னும் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும்.

பல் பார்த்தல்

காசு கொடுத்து வாங்கும் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மாட்டுப் பல் கணக்கு இதற்கு உதவாது. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது; குதிரைக்கு மேலே ஆறும் கீழே ஆறுமாகப் பன்னிரண்டு முன்பற்கள் உண்டு. நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பின் கீழ்த்தாடைப் பற்களின் மேற்பரப்பில் உள்ள கறுத்த குழிகள் தேய்ந்து மறையத் தொடங்கும். நடுப்பற்களில் ஆறு வயதிலும், அடுத்தவற்றில் ஏழிலும், ஓரப்பற்களில் எட்டிலும் அவை மறையும்.

இதற்கு மேற்பட்ட வயதைக் காண மேல்தாடை ஓரப்பல்லின் வெளிப்புறத்தைப் பார்க்கவும். சுமார் பத்து வயதில் ஈறின் அருகே பழுப்பான ஒரு பள்ளக்கோடு தோன்றும். பதினைந்தில் பல்லின் பாதி வரையும், இருபதில் பல்லின் அடி முதல் நுனி வரையும் அது இறங்கிவிடும். ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம். மேலும், இளம் குதிரையின் வாயைப் பக்கவாட்டில் பார்த்தால் மேல், கீழ்ப் பற்கள் ஏறக்குறைய நேராகச் சந்திக்கும். வயது ஏற ஏற அவை முன்னோக்கிச் சாய்ந்து நீண்டு தெரியும்.

கிழக் குதிரையை இளமையாகக் காட்ட, தேய்ந்த பல்லில் கருவியால் குழி தோண்டிக் கறுப்பேற்றும் மோசடி எல்லா நாட்டுச் சந்தைகளிலும் பழக்கமானது. இயற்கைக் குழியைச் சுற்றி வெண்மையான வளையம் ஒன்று இருக்கும். செயற்கைக் குழிக்கு அது இராது. குழி இளமையைச் சொல்லும்போது பல்லின் சாய்வு முதுமையைச் சொன்னால் சாய்வை நம்புக.

வயதைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியமானது, குதிரை மெல்லுகிறதா என்பது. கடைவாய்ப் பற்கள் கூர்மையாகத் தேய்ந்த குதிரை, தீனியை உருண்டையாகத் திரட்டி வாயிலிருந்து கீழே போட்டுவிடும். அதன் காலடியில் இத்தகைய உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். லத்தியில் நீண்ட நாரும் முழுத் தானியமும் வந்தாலும் அதே கோளாறுதான். கால்நடை மருத்துவர் பல்லை அராவிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இதற்காக ஒரு நல்ல குதிரையை ஒதுக்க வேண்டாம். விலையில் குறைத்துக் கேட்கலாம்.

கால், மூச்சு, கண்

கால் கெட்டால் குதிரையே கெட்டது. கெட்டியான, சமமான தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நேராக நடக்கவிட்டும், பிறகு மெல்லோட்டமாக ஓடவிட்டும் முன்னும் பின்னும் இருந்து பார்க்க வேண்டும். முன்னங்கால் ஒன்று நோகும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். சிறு வட்டத்தில் இருபுறமும் திருப்பியும், நாலடி பின்னுக்கு நடத்தியும் பார்க்கவும். முழங்காலுக்குக் கீழே பின்புறமுள்ள தசைநாண்களை மேலிருந்து கீழாக விரலால் வருடினால் நாண் கயிறுபோல் சீராக இருக்க வேண்டும். சூடோ வீக்கமோ இருக்கக்கூடாது.

குளம்பைச் சுற்றி வளையங்கள் இருப்பது இயல்பு. ஆனால் அவை முன்புறம் நெருங்கியும் குதிகால் பக்கம் விலகியும் இருந்தால், குளம்பின் உட்புறத்தில் முன்பு அழற்சி கண்டிருக்கிறது என்று பொருள். உடலைப் பின்னுக்குச் சாய்த்து முன்னங்கால்களை முன்னே நீட்டி நிற்கும் குதிரைக்கு அந்த நோய் இப்போதும் இருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிடுவதே மேல். பருத்த, தின்றுகொழுத்த மட்டக்குதிரைகளுக்கு இந்நோய் எளிதில் வரும். சந்தையில் பளபளவென்று உருண்டையாக நிற்பதைக் கண்டு மயங்க வேண்டாம்.

ஓய்வாக நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரல் வைத்தால் நாடி 28 முதல் 44 வரை துடிக்கும். பத்து நிமிடம் மெல்லோட்டம் விட்டு நிறுத்திய பிறகு மூச்சு சிறிது நேரத்தில் தணிய வேண்டும். தணியாமல் இருமினாலோ, மூச்சை வெளிவிடும்போது விலாவின் கீழ்ப்பகுதி இரண்டு தடவை இழுத்துக் கோடு விழுந்தாலோ நுரையீரல் பழுதுபட்டிருக்கிறது. தூசியான வைக்கோலில் ஆண்டுக்கணக்காக நின்ற குதிரைகளிடம் இதைக் காணலாம்.

ஒரு கண் தெரியாத குதிரை திடீரென்று ஒதுங்கிப் பாயும். கையைக் காற்று படாமல் ஒவ்வொரு கண்ணின் அருகிலும் மெதுவாகக் கொண்டுசென்றால் இமைக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்மணி வெண்மையாகவோ நீலம் பூத்தோ இருக்கக்கூடாது.

குணத்தை அறிதல்

சந்தையில் சாதுவாக நிற்பதெல்லாம் சாதுவன்று. நெடுந்தூரம் லாரியில் வந்து, கூட்டத்தில் இரண்டு மூன்று நாள் நின்று, தண்ணீர் குறைந்த குதிரை எதற்கும் அசையாது. மயக்க ஊசி போடப்பட்ட குதிரையும் அப்படியே நிற்கும். தலை தொங்குவது, கீழுதடு தளர்வது, ஆண் குதிரையின் உறுப்பு வெளியே தொங்கியபடி இருப்பது ஆகியவை மயக்க மருந்தின் அறிகுறிகளாகும். நொண்டலை மறைக்க வலி தணிக்கும் ஊசி போடுவதும் உண்டு. அதன் பலன் ஓரிரு நாளில் தீரும்.

ஆகையால் சந்தையில் பிடித்துப்போனால் அச்சாரம் மட்டும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றி, விடியற்காலையில் விற்பவரின் ஊருக்கே போய்ப் பார்ப்பது நல்லது. தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போதே இந்த நிபந்தனையையும் பேசிவிட வேண்டும். குதிரையை முன்கூட்டி ஓடவிட்டுக் களைக்கவைத்திருந்தால் உடல் வியர்த்திருக்கும். கட்டுத்தறியிலேயே அதைப் பிடிப்பது முதல் பார்க்கவும். கடிவாளம் வாங்குகிறதா, சேணம் கட்டும்போது கடிக்க வருகிறதா, நான்கு குளம்புகளையும் தூக்க விடுகிறதா என்று கவனிக்கவும். முதலில் விற்பவரோ அவர் வீட்டாரோ ஏறிக் காட்ட வேண்டும். அவர்கள் ஏறத் தயங்கும் குதிரையில் நம் பிள்ளைகளை ஏற்றலாகாது. கூட இருக்கும் குதிரைகளைவிட்டுத் தனியே சாலைக்குக் கொண்டுபோனால் கனைத்துத் திரும்புகிறதா, பேருந்து கடக்கும்போது என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவும்.

விதையெடுக்காத ஆண் குதிரை சிறு விவசாயிக்கு வேண்டாம். எவ்வளவு பழகியதானாலும், பக்கத்து ஊர்ப் பெண் குதிரை கனைத்தால் அதன் மனம் மாறிவிடும். விதையெடுத்த ஆண் அல்லது பெண் குதிரையே தக்கது.

சுழியைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்குப் பார்ப்பதுபோலவே குதிரைக்கும் சுழி பார்ப்பவர்கள் ஏராளம். சுழி என்பது மயிர் வளரும் திசை. அதற்கும் காலுக்கும் மூச்சுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் விலைக்குத் தொடர்பு உண்டு. நான்கு கால்களும் முகமும் வெண்மையான பஞ்சகல்யாணிக்குக் கேட்பதெல்லாம் கொடுக்கிறார்கள். ஆகாத சுழி உள்ளது என்று பலரும் ஒதுக்கிய பதினான்கு வயதுக் குதிரை மற்றபடி நன்றாக இருந்தால், அதுவே உங்களுக்கு ஏற்ற குதிரை. திரும்ப விற்கும்போதும் அதே சுழி விலையைக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

தீனியில் கவனம்

மாடு அசைபோடும், நான்கு அறை வயிறு. குதிரைக்கு ஓரறை வயிறு, அதுவும் சிறியது. தின்றதை வாந்தி எடுக்கவும் இயலாது. ஒரே வேளையில் நிறையப் போட்டால் வயிற்றுச் சூலை கண்டு தரையில் உருளும். பல குதிரைகள் இதனாலேயே இறக்கின்றன. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வது அதன் இயல்பு.

உலர்தீனிக் கணக்கில் உடல் எடைக்கு 100-க்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தேவை. 250 கிலோ குதிரைக்கு நாள்தோறும் 4 முதல் 5 கிலோ. முழுவதும் பசும்புல்லாகத் தந்தால் 20 முதல் 25 கிலோ. தண்ணீர் வெயில் காலத்தில் 25 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். இலேசான சவாரிக்குக் கொள்ளு கிலோக்கணக்கில் தேவையில்லை.

மாட்டுக்கு வளர்க்கும் புல்லை அப்படியே குதிரைக்கும் போடுவதில் ஒரு ஆபத்து உண்டு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும், காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் உள்ள கொழுக்கட்டைப்புல்லிலும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை; ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாதக்கணக்கில் இவ்வாறு போனால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும். கால் மாறி மாறி நொண்டும். முகத்தெலும்பு இருபுறமும் வீங்கும். தவிட்டில் மணிச்சத்து அதிகமாதலால், அதை நிறையப் போட்டால் இது இன்னும் விரைவில் வரும். ஆகவே ஒட்டுப்புல்லை மொத்தத் தீனியில் ஒரு பகுதியாக மட்டும் வைத்து, அருகம்புல், மண்ணும் பூஞ்சையும் இல்லாத கடலைக்கொடி, குதிரைமசால் ஆகியவற்றைக் கலந்து தரவும். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. அதையும் அளவாகவே தர வேண்டும். பச்சைச் சோளத்தில் மேயவிடக்கூடாது. வைக்கோலை மட்டுமே தின்றால் குடல் கட்டிக்கொள்ளும்.

மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் ஆகியவற்றைக் குதிரைக்குத் தரவே கூடாது. சில தீவனங்களில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கும் கோழிக்கும் ஒத்துக்கொள்ளும். குதிரைக்கு மிகச் சிறிய அளவே இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டைகளைக் குதிரை எட்டாத இடத்தில் அடுக்க வேண்டும்.

வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 6.25 லட்சம் குதிரைகள் இருந்தன. 2019-இல் அது சுமார் 3.4 லட்சமாகக் குறைந்தது. குதிரை குறைந்தால் லாடம் அடிப்பவரும் குறைவார். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். அதற்கு ஆள் உங்கள் வட்டாரத்தில் உண்டா, அருகிலுள்ள கால்நடை மருத்துவர் குதிரை பார்த்துப் பழகியவரா என்று விசாரித்த பிறகே சந்தைக்குப் புறப்படவும்.

கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. மூக்கில் சளி, மூக்கினுள் புண், கால்களின் உட்புறம் வரிசையாக உடைந்து சீழ் வடியும் கட்டிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். வெளியே எதுவும் தெரியாமலும் இருக்கலாம். இதற்கு மருத்துவமோ தடுப்பூசியோ இல்லை. நோய் உறுதியானால் சட்டப்படி விலங்கை அழிக்க வேண்டும். ஆகவே முழுத் தொகையையும் கொடுக்குமுன் கால்நடை மருத்துவர் மூலம் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, முடிவு வந்த பின் குதிரையைப் பிடிக்க வேண்டும். அரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. விற்பவர் இதற்கு ஒப்பாவிட்டால் வேறு குதிரை பார்க்கவும். இசிவு நோய்க்கு மற்றக் கால்நடைகளைவிடக் குதிரை எளிதில் இரையாகும். முன்பு ஊசி போட்ட விவரம் தெரியாவிட்டால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தடுப்பூசிகள் போட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த குதிரையை, வேறு குதிரையோ கழுதையோ இருந்தால், மூன்று வாரம் தனியே கட்டவும். தனிமையில் குதிரை உண்ணாது, கால்மாற்றி ஆடும். மாடோ ஆடோ கண்ணுக்குத் தெரியும்படி கட்டினால் அமைதி கொள்ளும். விற்பவரிடம் அது தின்றுவந்த தீனியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, பத்து நாளில் மாற்றவும். இந்தப் பத்து நாளும் சவாரி வேண்டாம். நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்து, கயிற்றில் பிடித்துத் தோட்டத்தைச் சுற்றி நடத்தினால் போதும். பதினொன்றாம் நாள் ஏறும்போது பிள்ளைகளுக்குத் தலைக்கவசமும் குதியுள்ள செருப்போ ஷூவோ கட்டாயம். அங்கவடியில் கால் முழுதும் நுழைந்து மாட்டிக்கொண்டால் விழுந்தவரைக் குதிரை இழுத்துச் சென்றுவிடும். முதல் வாரச் சவாரி வேலிக்குள்ளேயே, நடையில் மட்டும், அரை மணி நேரம் இருக்கட்டும்.